கோயில் மலர் திரையில் சரியாக இருந்து தாளில் ஏன் கெட்டுப்போகிறது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா பாருங்கள். தோட்டத்துக் கோயில் திருவிழா மலரைச் செய்யும் வேலை உங்கள் தலையில் விழுந்திருக்கிறது. வேர்டில் பாதி, கேன்வாவில் பாதி என்று ஏ5 அளவில் 62 பக்கம் செய்து ஈப்போவில் ஓர் அச்சகத்துக்கு அனுப்பினீர்கள். வந்த புரூஃபில், அதாவது சரிபார்க்கத் தரும் மாதிரிப் பிரதியில், பழைய கட்டுரை இரண்டும் ஆங்கிலக் குறிகளாக மாறியிருந்தன, தலைவர் படத்தில் ஓரம் வெட்டுப்பட்டிருந்தது, அட்டையின் காவி நிறம் செங்கல்லாகியிருந்தது. அதனால் "எந்த மென்பொருளைக் கற்றுக்கொண்டால் இந்தப் பிரச்சினை வராது?" என்று கேட்கிறீர்கள். தம்பி, மென்பொருளை மாற்றினால் இந்த மூன்றில் ஒன்றுகூடத் தானாகச் சரியாகாது. காசு கட்டி வாங்கும் மென்பொருளிலும் இதே மூன்று தவறையும் செய்யலாம், நானே செய்திருக்கிறேன்.

நான் 1999இல் பேஜ்மேக்கர் 6.5 வைத்துக்கொண்டு சுங்கை சிப்புட்டில் சின்னதாக ஒரு கடை போட்டவன். கல்யாணப் பத்திரிகை, தீமிதி நோட்டீஸ், பள்ளி ஆண்டு மலர், நினைவு மலர், இவ்வளவுதான் என் உலகம். ஐயாயிரம் பிரதிக்கு மேல் எதையும் அடித்ததில்லை, நாளிதழ் வேலையும் பொட்டல அட்டை வேலையும் தொட்டதில்லை. கீழே சொல்வதை அந்த எல்லைக்குள் வைத்துப் படியுங்கள்.

முதலில் வேலையின் வரிசை. எல்லோரும் திரையில் தொடங்கித் தாளில் முடிக்கிறார்கள், அது தலைகீழ். என்ன தாள், எப்படி மடிப்பு, எங்கே வெட்டு என்று அச்சகத்தில் கேட்டுக்கொண்டு வந்து அப்புறம்தான் கணினியைத் திறக்க வேண்டும். 62 பக்கம் என்று ஒரு புத்தகம் கிடையாது. நடுவில் ஸ்டேபிள் அடிக்கும் புத்தகத்தில் ஒரு தாளை மடித்தால் நாலு பக்கம், ஆகவே உள்பக்கங்கள் நாலால் வகுபட வேண்டும். அச்சகம் பெரிய தாளில் ஒரு பக்கத்துக்கு எட்டாக ஏ5 பக்கங்களை அடுக்கி அடித்தால் ஒரு தாளுக்குப் பதினாறு பக்கம் வரும், அப்படிப் பார்த்தால் 64 அழகான எண்ணிக்கை. உங்களுக்கு இரண்டு பக்கம் குறைகிறது. நன்கொடையாளர் விளம்பரம் ஒன்றும் நன்றியுரை ஒன்றும் போட்டால் தீர்ந்தது. அதுவே 66 ஆகியிருந்தால் கூடுதலாக ஒரு தாளை ஓட்டி, இரண்டு வெற்றுப் பக்கத்துக்கும் சேர்த்துக் காசு கொடுத்திருப்பீர்கள். வெறும் வெள்ளைத் தாள் பதினாறை மடித்து, பக்க எண்ணைப் பென்சிலில் எழுதி, எதில் என்ன வருகிறது என்று குறித்து ஒரு பொம்மைப் புத்தகம் செய்துகொள்ளுங்கள். அரை மணி நேர வேலைதான். நடுவிரிப்பு எங்கே விழுகிறது, அம்மன் படம் இரண்டு பக்கத்துக்குக் குறுக்கே போனால் முகம் மடிப்பில் சிக்குமா, இதெல்லாம் அதில் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

அந்தப் பொம்மையைப் பிடித்துப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். உள்ளே போகப் போகத் தாள் வெளியே துருத்திக்கொண்டு வரும். 80 கிராம் சிமிலி தாள் (பூச்சில்லாத சாதாரண வெள்ளைத் தாள்) பதினாறு சேர்ந்தால் நடுத்தாள் ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்கு நீட்டிக்கொண்டு நிற்கும், கட்டிங் மெஷின் அதைச் சீவிவிடும். அதாவது நடுப்பக்கங்களின் வெளி ஓரம் மற்றவற்றைவிடக் கொஞ்சம் குறுகலாகிவிடும். பக்க எண்ணை ஓரத்திலிருந்து ஐந்து மில்லிமீட்டரில் வைத்தவர்களுக்கு இங்கேதான் சனி பிடிக்கும். தலைவர் படத்தின் ஓரம் போனதும் கத்தியால்தான். கத்தி என்றைக்கும் கோட்டின் மேலேயே இறங்காது, ஒரு மில்லிமீட்டர் இப்படி அப்படிப் போகும். அதனால் ஓரம்வரை போகும் நிறமோ படமோ இருந்தால் நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் வெளியே நீட்டிவைக்க வேண்டும், இதைத்தான் பிளீட் என்கிறார்கள். ஏ5 என்பது 148க்கு 210, பிளீட் சேர்த்தால் 154க்கு 216. இழக்கக்கூடாத எதையும், முகம், பெயர், பக்க எண் எதுவானாலும், வெட்டுக்கோட்டுக்கு உள்ளே எட்டுப் பத்து மில்லிமீட்டர் தள்ளி வையுங்கள். வேர்டில் பிளீட் என்று தனி வசதி இல்லை. பக்க அளவையே 154க்கு 216 என்று கொடுத்து, மார்ஜின் ஒவ்வொன்றிலும் 3 மில்லிமீட்டர் கூட்டிக்கொண்டு, அச்சகத்தாரிடம் 'சுற்றி 3 மில்லிமீட்டர் வெட்டுங்கள்' என்று சொல்லிவிட்டால் போதும். கேன்வாவில் அச்சுக்கான பிடிஎஃப் எடுக்கும்போது பிளீடும் வெட்டுக்குறியும் வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் இடம் இருக்கிறது. ஆனால் பின்னணிப் படத்தை நீங்களே இழுத்து அந்த ஓரத்தை நிரப்பியிருக்க வேண்டும்.

இப்போது எழுத்து மாறிய கதை. இதைத்தான் கொஞ்சம் நீட்டிச் சொல்லப்போகிறேன், ஏனென்றால் தமிழில் பக்கம் அமைக்கிறவனுக்கு மற்ற எல்லாத் தொல்லையும் சேர்ந்தாலும் இதற்கு ஈடாகாது. யூனிகோடு பரவுவதற்கு முன்னால் வந்த தமிழ் எழுத்துருக்கள் பெரும்பாலும் ஒரு வேஷம் போட்டன. கணினியின் நினைவில் இருப்பது ஆங்கில எழுத்தும் குறியும், அந்த இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்துவைத்திருப்பார்கள். எழுத்துரு இருக்கும்வரை தமிழ், அதை எடுத்துவிட்டால் குப்பை. அதிலும் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வரிசை, இந்த வரிசையைத்தான் குறியேற்றம் என்கிறார்கள். பாமினி ஒரு மாதிரி, டிஸ்கி ஒரு மாதிரி, 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட டாம், டாப் வேறு மாதிரி. நம் மலேசியாவில் பலருக்கும் கணினியில் தமிழைக் காட்டியது முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு, பிறகு முரசு அஞ்சல். பள்ளிக்கூடங்களிலும் கோயில் அலுவலகங்களிலும் பழைய வட்டில் கிடக்கும் கட்டுரைகளில் அதன் பழைய குறியேற்றத்தில் இருப்பவை இன்னும் நிறைய. யூனிகோடில் தமிழுக்கென்று 128 இடம் கொண்ட தனித் தொகுதி உண்டு. 'க' என்பது எந்த எழுத்துருவிலும் 'க'தான், எழுத்துருவை மாற்றினால் தோற்றம் மாறுமே தவிர எழுத்து மாறாது.

கடை போட்ட மூன்றாம் வருஷம் ஒரு நினைவு மலர். இறந்தவர் தோட்டத்தில் முப்பது வருஷம் மண்டோராக, அதாவது கங்காணியாக, இருந்தவர், ஊரே மதித்த மனிதர். கோப்பைப் பிடிஎஃப் ஆக்காமல் திறந்த நிலையிலேயே அச்சகத்துக்குக் கொடுத்தேன், எழுத்துருவைக் கூடக் கொடுத்தேன், ஆனால் தலைப்புக்குப் போட்ட இன்னொரு எழுத்துருவை மறந்துவிட்டேன். உள்ளே எல்லாம் சரி, அட்டையில் அவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அடைப்புக்குறியும் டாலர் குறியும். அச்சகத்தில் யாருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது, அவர்களுக்கு எல்லாமே ஒரு அலங்காரம்தான். எண்ணூறு அட்டை. திரும்ப அடித்த செலவு என்னுடையது, கருமக்கிரியை அன்று காலையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்றிலிருந்து எழுத்துருவை உள்ளே பொதித்த பிடிஎஃப் இல்லாமல் எதையும் கடையை விட்டு வெளியே விட்டதில்லை.

உங்கள் இரண்டு கட்டுரையையும் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டாம். கோப்பைத் திறந்து அதில் என்ன எழுத்துருப் பெயர் காட்டுகிறது என்று முதலில் பாருங்கள். அந்தப் பெயர்தான் சாவி. அதை வைத்து எந்தக் குறியேற்றம் என்று கண்டுபிடித்து, என்எச்எம் கன்வெர்ட்டர் மாதிரி இலவசமாகக் கிடைக்கும் மாற்றியில் கொடுத்தால் நொடியில் யூனிகோடாகிவிடும். ஆனால் மாற்றிய பிறகு கண்ணால் படிக்கத்தான் வேண்டும். பாமினி மாதிரி எழுத்துருவில் அடித்த கட்டுரையானால் நடுவில் இருந்த ஆங்கிலப் பெயர்கள் தமிழ்க் குழப்பமாக வந்து நிற்கும். 'ஔவை' என்று இருக்க வேண்டியது ஒகரமும் ளகரமுமாகச் சேர்ந்து 'ஒளவை' என்று வந்திருக்கும், பார்க்க ஒன்றுபோல இருக்கும், தேடினால் கிடைக்காது. 'ர்' வர வேண்டிய இடத்தில் துணைக்காலின் மேல் புள்ளி வைத்த போலி 'ர்' உட்கார்ந்திருக்கும், வேறு எழுத்துருவுக்கு மாற்றிய அன்றுதான் புள்ளி தனியே விலகிப் பல்லைக் காட்டும். ஸ்ரீ, மேற்கோள் குறி, எண்கள் இந்த மூன்றையும் தனியாக ஒரு தடவை பாருங்கள்.

எழுத்து சரியானதும் வரி. ஆங்கிலப் புத்தகத்தின் அளவுகளைத் தமிழுக்கு அப்படியே போட்டால் பக்கம் மூச்சு முட்டும். நமக்கு மேலே 'கி', 'கீ' சுழிகள், கீழே 'கு', 'கூ' வளைவுகள், இரண்டு வரியும் ஒன்றையொன்று இடிக்கும். நான் ஏ5 மலருக்கு 11 புள்ளி (பாயின்ட்) எழுத்து, 16 புள்ளி வரியிடைவெளி வைப்பேன். உள் ஓரம் 20, வெளி ஓரம் 15, மேலே 18, கீழே 20 மில்லிமீட்டர் விட்டால் எழுத்துக்கு 113க்கு 172 மில்லிமீட்டர் கிடைக்கும், அதில் முப்பது வரி பிடிக்கும், வரிக்கு ஆறேழு சொல். கோயிலுக்கு வருகிற பெரியவர்கள் கண்ணாடியைத் தேடாமல் படிக்கிற அளவு இது. தேவாரம் மாதிரிப் பாட்டுப் பக்கமானால் 13 புள்ளிகூட வைக்கலாம். இடமில்லை என்று எழுத்தைச் சுருக்காதீர்கள், கட்டுரையைச் சுருக்குங்கள். எழுதியவர் கோபித்துக்கொள்வார், பரவாயில்லை. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் வரிகள் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும், இடப்பக்க முதல் வரியும் வலப்பக்க முதல் வரியும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். மெல்லிய தாளில் பின்பக்க எழுத்து நிழலாகத் தெரியும், இரண்டு பக்க வரியும் ஒன்றின் பின் ஒன்றாக விழுந்தால் அது உறுத்தாது. இதற்காகத்தான் தலைப்பின் உயரத்தையும் அதற்கு மேலும் கீழும் விடும் இடத்தையும் கூட்டினால் 16 புள்ளியின் மடங்காக வரும்படி பார்த்துக்கொள்வது.

இரு ஓரமும் நேராக நிற்க வேண்டும் என்று ஜஸ்டிஃபை போடும் ஆசை எல்லோருக்கும் உண்டு. தமிழ்ச் சொல் நீளமானது. 'கலந்துகொள்ளவிருக்கிறவர்களுக்கு' ஒரே சொல். ஏ5 பக்கத்தை நெடுக்காக இரண்டு பத்தியாகப் பிரித்தால் வரிக்கு மூன்று சொல்தான் வரும், ஜஸ்டிஃபை போட்டால் நடுவில் ரப்பர் காட்டு நிரை மாதிரி வெள்ளைச் சந்து ஓடும். ஒன்று, ஒரே பத்தியாக வைத்து ஜஸ்டிஃபை போடுங்கள். இல்லை, இரண்டு பத்தி வைத்து வலது ஓரத்தை அப்படியே விட்டுவிடுங்கள். வரிக்கடைசியில் சொல்லை உடைப்பது தமிழ் அச்சில் பழைய வழக்கம்தான், பழைய புத்தகங்களில் இணைப்புக்கோடுகூட இல்லாமல் உடைத்திருப்பார்கள். உடைத்தால் அடுத்த வரி புள்ளி வைத்த எழுத்தில் தொடங்கக்கூடாது, இது ஒன்றை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். ஆள் பெயரை நான் உடைப்பதே இல்லை.

அடுத்து நிறமும் படமும். படத்தில் கணக்கு எளிது: அச்சில் வரும் அளவுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல். 1200 பிக்சல் அகலப் படம் நாலு அங்குலம், அதாவது சுமார் பத்து சென்டிமீட்டர் தாங்கும். பிளீடோடு முழுப்பக்கம் போட வேண்டுமானால் குறுக்கே 1800 பிக்சலுக்கு மேல் வேண்டும். வாட்சாப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், ஆகவே ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். சின்னப் படத்தைப் பெரிதாக இழுத்து 300 என்று எண்ணை மட்டும் மாற்றுவது தண்ணீர் ஊற்றிப் பாலைப் பெருக்குகிற வேலை.

காவி செங்கல்லானதற்குக் காரணம், திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு மையால் காட்டுகிறது. திரையின் சிவப்பு, பச்சை, நீல ஒளியில், அதாவது ஆர்ஜிபியில், மின்னுகிற ஆரஞ்சு நிறம் நாலு மை அச்சில் கிடையவே கிடையாது. அந்த நாலு மை சயான் என்ற நீலம், மெஜந்தா என்ற இளஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு, சுருக்கமாகச் சிஎம்ஒய்கே. மென்பொருள் தானாக மாற்றும்போது அதில் கொஞ்சம் நீலத்தையும் கறுப்பையும் கலந்துவிடும், அந்தக் கலப்புதான் அழுக்கு. காவிக்கு மெஜந்தா 60 சதவீதம், மஞ்சள் 100, மற்ற இரண்டும் பூஜ்யம் என்று கையால் கொடுங்கள், திரையில் இருந்த பளபளப்பு வராவிட்டாலும் சுத்தமாக வரும். குங்குமச் சிவப்புக்கு மெஜந்தாவும் மஞ்சளும் 100. மயில் நீலத்தில் மெஜந்தாவை நன்றாகக் குறைத்து வையுங்கள், சயானும் மெஜந்தாவும் சமமானால் கத்தரிப்பூ நிறமாகிவிடும். உள்பக்க எழுத்து முழுக்க வெறும் கறுப்பு மை ஒன்றில் மட்டும் இருக்க வேண்டும். நாலு மையும் கலந்த கறுப்பில் சின்ன எழுத்து இருந்தால், ஒவ்வொரு மைக்கும் உள்ள அச்சுத் தகடான பிளேட் இம்மி நகர்ந்தாலும் எழுத்தைச் சுற்றி நிறக்கோடு தெரியும். அட்டையில் பெரிய கறுப்புப் பரப்பு வந்தால் மட்டும் சயான் 60, மெஜந்தா 40, மஞ்சள் 40, கறுப்பு 100 போடலாம், அதன்மேல் வெள்ளை எழுத்து வைத்தால் தடித்த எழுத்தாக வையுங்கள், மெல்லிய கோடுகளை மை தின்றுவிடும். வேர்டு சிஎம்ஒய்கே தராது, கேன்வாவில் காசு கட்டும் கணக்கில் மட்டும் உண்டு. வேர்டு பிடிஎஃப்பைக் கொடுத்தால் எழுத்தைத் தனிக் கறுப்பாக மாற்றித் தருவார்களா என்று அச்சகத்தில் கேளுங்கள், பல இடங்களில் செய்வார்கள்.

இதுவரை சொன்னதில் பக்க எண்ணிக்கை, பிளீட், பிக்சல் கணக்கு, யூனிகோடு நாலும் சந்தேகமில்லாதவை, எங்கே போனாலும் இதுதான். 11க்கு 16, ஓர அளவு இதெல்லாம் என் கண்ணும் என் வாடிக்கையாளர் கண்ணும் பழகியது, இன்னொருவர் வேறு சொல்வார், அதுவும் சரியாக இருக்கலாம். நிறம்தான் யாராலும் அடித்துச் சொல்ல முடியாத சமாச்சாரம். அதே காவி பளபளப்பான 128 கிராம் ஆர்ட் பேப்பரில் ஒரு மாதிரியும் சிமிலியில் மங்கலாகவும் வரும், சிமிலி மையை உறிஞ்சிவிடும். டிஜிட்டலில் எடுத்துக் காட்டும் புரூஃபும் பிளேட் வைத்து ஆப்செட்டில் ஓடும் பிரதியும்கூட அச்சு அசலாக ஒத்துப்போகாது. நிறம் உயிர்நிலை என்றால் அதே தாளில் எடுத்த புரூஃபைக் கேட்டு வாங்குங்கள், அதற்குத் தனிக் காசு கேட்பார்கள்.

சரி, மென்பொருள். 64 பக்கத்தையும் வேர்டில் நேர்த்தியாகச் செய்ய முடியும், ஸ்டைல்களை ஒழுங்காக அமைத்துக்கொண்டால். தமிழ் எழுத்தை அது சரியாகவே கோக்கும். அட்டையை மட்டும் வேறு இடத்தில் செய்துகொள்ளலாம். வருஷத்துக்கு ஒரு மலர் என்றால் இதுவே போதும், சந்தா கட்டாதீர்கள். அடிக்கடி செய்யப்போகிறீர்கள் என்றால் ஸ்கிரைபஸ் இலவசம், 2024இல் வந்த 1.6 பதிப்பில் தமிழ் ஒழுங்காக வருகிறது. பழைய 1.4 பதிப்பை எங்கேயாவது பார்த்தால் தொடாதீர்கள், அதில் கொம்பு இடம் மாறும். தொழிலாக எடுப்பதானால் இன்டிசைன். அதில் புதிதாக வருகிற எல்லோரும் 'கொ' உடைந்து நிற்பதைப் பார்த்து எழுத்துருவைத் திட்டுவார்கள். பத்தி அமைப்பின் மெனுவில் வேர்ல்டு-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும், அதை அடிப்படைப் பத்தி ஸ்டைலிலேயே போட்டு வையுங்கள். எழுத்துருவுக்கு நோட்டோ செரிஃப் தமிழ், தலைப்புக்கு முக்த மலர், காட்டமரன் இவையெல்லாம் இலவசம், அச்சில் போட உரிமையும் உண்டு. ஒரு மலருக்கு இரண்டு எழுத்துருவுக்கு மேல் வேண்டாம், கல்யாணப் பத்திரிகை இல்லை இது.

அனுப்பும் முன் கடைசி வேலை. பிடிஎஃப்பை இரண்டிரண்டு பக்கமாக இல்லாமல் ஒற்றை ஒற்றைப் பக்கமாக எடுங்கள், அடுக்குவது அச்சகத்தின் பொறுப்பு. அச்சிட்டவர், வெளியிட்டவர் இருவரின் பெயரும் முகவரியும் மலாயிலோ ஆங்கிலத்திலோ முதல் தாளிலோ கடைசித் தாளிலோ இருக்க வேண்டும், 1984ஆம் ஆண்டு அச்சு இயந்திர, வெளியீட்டுச் சட்டம் அப்படிக் கேட்கிறது. கோயில் மலர்களில் இதைத்தான் அடிக்கடி மறப்பார்கள். புரூஃபைத் திரையில் பார்க்காமல் தாளில் எடுத்து, அதைச் செய்யாத இரண்டு பேரிடம் கொடுங்கள். நன்கொடையாளர் பட்டியலை மட்டும் கோயில் செயலாளர் ரசீதுப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராக வாய்விட்டுப் படிக்கட்டும், நீங்கள் கேட்டுக்கொண்டே டிக் அடியுங்கள். ஐம்பது வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தவர் பெயரில் ஒரு சுழி விட்டுப்போனால் அடுத்த திருவிழாவரை உங்களை நிறுத்திவைத்துக் கேட்பார்.